பாக்கெட் இல்லாத போலீஸ்: மகளுக்கு இந்த ஹாலோவீனில் என்ன வேஷம்?

அக்டோபர் முதல் சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வருஷத்துக்கு இரண்டே மாதம் முளைத்து மறையும் ஹாலோவீன் கடை ஒன்றில், எட்டு வயதுச் சின்னவளோடு நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் போலீஸ் வேஷம் வேண்டும். பையன்கள் வரிசையில் தொங்கிய போலீஸுக்கு முழுக்கால் பேன்ட், சட்டையில் இரண்டு பாக்கெட், இடுப்பில் வாக்கி-டாக்கி மாட்ட ஒரு கொக்கி. பெண் பிள்ளைகள் வரிசையில் தொங்கிய போலீஸுக்குக் குட்டைப் பாவாடை, பளபளக்கும் பெல்ட், தொப்பியில் ஜிகினா. விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அவள் அந்தப் பாவாடையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இந்தப் போலீஸ் விசிலை எங்க வச்சுக்குவா?"

என்னிடம் பதில் இல்லை. எதுவும் வாங்காமல் திரும்பினோம். காரில் வரும்போதே தெரிந்துவிட்டது, இனி மூன்று வாரத்துக்கு 'என்ன வேஷம்' என்ற கேள்வி வீட்டை ஆட்டிவைக்கப் போகிறது என்று. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பஞ்சாயத்து வேறு. இரண்டு பெண்களோடு பத்து ஹாலோவீன் பார்த்தாகிவிட்டது. வேஷத்துக்கு என்னென்ன வழி உண்டு, எதில் பெண் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, எதில் என்ன போகிறது என்று எனக்குப் பட்டதை எழுதிவைக்கிறேன். இங்கே புதிதாக வந்து முதல் ஹாலோவீனுக்கு முழித்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு உதவலாம்.

அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள் என்று என் அம்மாவிடம் முதன்முதலில் போனில் சொன்னபோது அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை. "நம்ம குலசை தசரா மாதிரின்னு சொல்லு" என்றார். எங்களுக்கு உடன்குடிப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் காளி, குறவன், குரங்கு, போலீஸ், ராஜா என்று வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும்வரை அந்த வேஷத்துக்கென்று ஒரு மரியாதை உண்டு. (நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த காளிகள் எல்லோரும் மீசை மழித்த ஆண்கள்தான் என்பது வேறு கதை.)

வேஷம் கட்டினால் ஆள் கொஞ்சம் மாறும் என்பது நமக்குப் பழைய செய்தி. 2017இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் இதை ஓர் ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகள். அலுப்பூட்டும் ஒரு வேலையைக் கணினியில் பத்து நிமிடம் செய்ய வேண்டும். பக்கத்திலேயே ஐபேடில் விளையாட்டு. எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டு விளையாடப் போகலாம். சில பிள்ளைகளுக்கு பேட்மேன் போன்ற பாத்திரங்களில் ஒன்றின் வேஷத்தைப் போட்டுவிட்டு, 'பேட்மேன் ஒழுங்காக வேலை செய்கிறானா?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் அவர்கள்தான். அதே வருஷம் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. ரொம்ப ரொம்பப் புத்திசாலி யார் என்று கேட்டால் ஐந்து வயதுப் பெண் பிள்ளைகள் தயங்காமல் பெண்ணைக் காட்டுகிறார்கள். ஆறு வயது ஆனதும் அந்தக் கை தயங்க ஆரம்பிக்கிறது. 'இது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விளையாட்டு' என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு பாவாடையால் அது நேர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாள் கூத்துதானே என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

கடையில் வாங்குவது

வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இதைவிடச் சுலபம் ஒன்று கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரமாக இருப்பதால் பிள்ளைக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய வேலை இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷமாக இருந்தால், எல்லோரையும் போல இருப்பதே குழந்தைக்குப் பெரிய தைரியம். அந்த வருஷம் தாராளமாகக் கடைக்கே போகலாம்.

கஷ்டம் அந்த வரிசைகளில்தான் இருக்கிறது. மருத்துவர், தீயணைப்பு வீரர், விண்வெளி வீரர் என்று எதை எடுத்தாலும், பெண் பிள்ளைகள் பக்கம் வரும்போது கால் சட்டை பாவாடையாகிவிடுகிறது. துணி மெல்லிய பாலியெஸ்டர். அக்டோபர் கடைசி இரவில் இங்கே பத்து டிகிரி குளிர். மேலே ஜாக்கெட் போட்டால் 35 டாலர் வேஷம் ஜாக்கெட்டுக்குள் காணாமல் போகும். மறுநாள் காலையில் தையல் விட்டிருக்கும். 2023இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவழிக்கப்போவது 1,220 கோடி டாலர் என்று சில்லறை வணிகர் கூட்டமைப்பு கணக்குப் போட்டது. அதில் நம் பங்காகக் கொஞ்சம் குப்பைத்தொட்டிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இதற்கு எளிய மாற்று, பையன்கள் வரிசையிலேயே வாங்கிவிடுவது. உடுப்பு ஒன்றுதானே? ஆனால் சின்னவள் அன்றைக்கு அந்தப் பையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டாள். "இதுல பையன் படம் போட்டிருக்கு." எட்டு வயது ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் அந்தப் படம் அவள் கண்ணிலேயே பட்டிருக்காது. வாங்குவதாக இருந்தால் நீங்கள் தனியாகப் போய், அட்டையைப் பிரித்தெறிந்துவிட்டு உடுப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இளவரசி வேஷத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நான் தோற்றிருக்கிறேன். சின்னவளுக்கு நான்கு வயதில், நீல கவுன்தான் வேண்டும் என்று அழுதாள். அதெல்லாம் கூடாது என்று நான் நின்றேன். என் பக்கம் ஆதாரமும் இருந்தது: பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா கோய்ன் குழுவினர் 198 சிறு குழந்தைகளைக் கவனித்து, இளவரசிக் கதைகளில் அதிகம் மூழ்கும் பெண் பிள்ளைகள் 'பெண்ணுக்கு இதுதான்' என்ற வட்டத்துக்குள்ளேயே விளையாடுவதாக 2016இல் எழுதியிருந்தார்கள். அதைக் கணவரிடம் வாசித்தே காட்டினேன். 2021இல் அதே குழு, பிள்ளைகள் பத்துப் பதினொரு வயதை நெருங்கியபோது மறுபடி பார்த்தது. சிறு வயதில் இளவரசி மோகத்தில் இருந்தவர்கள்தான் ஆண்-பெண் சமம் என்ற எண்ணத்தில் முன்னால் நின்றார்கள். என் ஆதாரம் கையை விட்டுப் போயிற்று. மேலே சொன்ன பேட்மேன் ஆய்வில்கூட, பிள்ளைகளுக்குக் கொடுத்த பாத்திரங்களில் ரபன்ஸல் இளவரசியும் உண்டு. கவுனை மறுத்ததால் அவளுக்கு என்ன நன்மை வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு அவள் ஆசை மட்டமாகப் பட்டது என்பது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்குப் பிடித்த வேஷம்

மாறுவேடப் போட்டிகளில் மையால் மீசை வரைந்து, தலைப்பாகை கட்டி, மைக்கைக் கண்டதும் மனப்பாடம் செய்த நான்கு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கி வந்த தலைமுறை நாம். பாரதியார் ஆக மாட்டேன் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லியிருக்குமா? கேட்டால்தானே சொல்லும். மகளைச் 'சாதனைப் பெண்ணாக' அனுப்பும் வழியும் கிட்டத்தட்ட அதே வகைதான். இங்கே அதற்குப் பெரிய வரவேற்பு. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2020 செப்டம்பரில் இறந்த பிறகு, கறுப்பு அங்கியும் வெள்ளை லேஸ் காலரும் கண்ணாடியுமாக எத்தனையோ சிறுமிகள் வாசலுக்கு வந்தார்கள். பார்க்க அழகுதான். புகைப்படத்துக்கு இன்னும் அழகு.

நானும் செய்தேன். பெரியவளுக்கு ஆறு வயது இருக்கும்போது கல்பனா சாவ்லா. ஆரஞ்சு நிற முழு உடுப்பைத் தேடிப் பிடித்து, தோளில் கொடி ஒட்டி, நெஞ்சில் பெயர்ப்பட்டை தைத்து, இரண்டு இரவு வேலை. முதல் வீட்டுக் கதவைத் திறந்த பெரியவர் ஆசையாகச் சொன்னார்: "அடடா, எவ்வளவு அழகான பரங்கிக்காய்!" இரண்டாவது வீட்டிலும் பரங்கிக்காய். மூன்றாவது வீட்டில் அவளே "நான் பரங்கிக்காய்" என்று சொல்லிவிட்டாள். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது. (பிறகுதான் தெரிந்தது, விண்கலம் ஏறும்போது போடும் அந்த ஆரஞ்சு உடையை விண்வெளி வீரர்களே 'பரங்கிக்காய் உடை' என்றுதான் கேலியாகச் சொல்வார்களாம்.)

சிரித்து மறந்துவிடக்கூடிய கதைதான் இது, அன்றிரவு அவள் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால். மிட்டாயை எண்ணி அடுக்கிக்கொண்டே, "அவங்க ஸ்பேஸுக்குப் போயிட்டு எப்போ திரும்பி வந்தாங்க?" என்றாள். 1997இல் போனது, வந்தது எல்லாம் சொன்னேன். 2003இல் விண்கலம் சிதறி அவர் இறந்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்துவைக்கவே இல்லை. வேஷத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான், கதையைப் பாதியில் நிறுத்தி அவளுக்கு மாட்டிவிட்டவளும் நான். சொன்னேன். அழவில்லை. உடுப்பைக் கழற்றி ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தாள். அடுத்த வருஷம் "நானே முடிவு பண்றேன்" என்றாள்.

இந்த வழியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையே ஒருவரைப் படித்து, பிடித்துப்போய், அவராக வேண்டும் என்று கேட்டால் அதைவிடச் சந்தோஷம் எது. கேட்பதற்கு முன்னால் அம்மா ஓடக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் அது கஷ்டம்; வேலு நாச்சியார் வேஷத்துக்கு ஒரு பட்டியலே மனதில் வைத்திருக்கிறேன்.

அட்டைப்பெட்டியும் டக்ட் டேப்பும்

பெரியவள் ஒன்பது வயதில் வாஷிங் மெஷின் ஆனாள். ஏன் வாஷிங் மெஷின் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அந்த வாரம் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்திருந்தது. முன்பக்கம் வட்டமாக வெட்டி, சாலட் கிண்ணத்தின் கண்ணாடி மாதிரியான மூடியை ஒட்டி, உள்ளே நான்கு காலுறைகளைத் தொங்கவிட்டாள். வண்ண மூடிகளில் பட்டன்கள். 'துவைக்கிறது', 'அலசுகிறது', 'பிழிகிறது' என்று எழுதி, 'மிட்டாய் போடவும்' என்று தனியாக ஒரு துவாரம்.

என் கணவர் அளவுகோலோடு உள்ளே நுழைந்தார். ஒரு பக்கம் கோணலாக இருக்கிறதாம். "அப்பா, இது என் மெஷின்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். உண்மையில் கோணலாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட அணிவகுப்பு நாளில் வகுப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் நின்று, மூச்சைப் பிடித்து, ஒரு தோழி தள்ள, நுழைந்தாள். சாயங்காலம் மூன்றாவது வீட்டு வாசலில் கைத் துவாரம் கிழிந்தது. நான் பதறினேன். அவள் பெட்டிக்குள்ளிருந்து டக்ட் டேப் சுருளை எடுத்தாள். முதல் நாளே எடுத்துவைத்திருக்கிறாள்! நடைபாதை ஓரமாக உட்கார்ந்து, தோழியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒட்டிவிட்டு நடந்தாள். கடையில் வாங்கிய வேஷம் கிழிந்திருந்தால் என்னிடம் வந்து நின்றிருப்பாள்.

எனக்குத் தெரிந்து பெண் பிள்ளைக்குத் தைரியம் வருவது இந்த மாதிரி இடத்தில்தான். வேஷம் வாஷிங் மெஷினா வீராங்கனையா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. தானே போட்ட கணக்கு தப்பாகி, அதைத் தானே சரிசெய்து, மறுபடி தெருவில் நடக்கிறாள் அல்லவா, அது இருக்கிறது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் குறைவில்லை. இரண்டு வாரம் கூடம் முழுக்கக் காகிதத் துண்டு. கத்தரிக்கோலைத் தேடியே பாதி நாள் போகும். இரவு பதினொரு மணிக்கு, அவள் தூங்கிய பிறகு, 'லேசாக' ஒரு மூலையை மட்டும் சரிசெய்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். அதை அடக்க வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் வீட்டில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா? அவர்களுக்குப் பாதிவழி ஒன்று இருக்கிறது: பழைய துணி விற்கும் த்ரிஃப்ட் கடை. பத்து டாலரைப் பிள்ளை கையில் கொடுத்து, இதற்குள் முடி என்று விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேஷமும் கிடைக்கும், கணக்கும் அவளுடையதாக இருக்கும். பையன் படம் போட்ட அட்டையும் அங்கே கிடையாது.

எந்த வழியில் போனாலும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் தலையிடும் விஷயங்கள் மூன்றுதான். கண் மறையக்கூடாது, அதனால் முகமூடி இல்லை, முகப்பூச்சு போதும். ஓடினால் தடுக்கக்கூடாது. இருட்டில் காரோட்டிக்குத் தெரிய வேண்டும், அதற்கு முதுகில் ஒளி பிரதிபலிக்கும் டேப். மற்றதில் வாய் திறப்பதில்லை என்று சபதம். மாதத்தில் நான்கு முறை மீறுவேன்.

பட்டுப்பாவாடை

சிலர் சொல்வார்கள்: வீட்டில்தான் பட்டுப்பாவாடை இருக்கிறதே, நகையைப் போட்டு 'இந்திய இளவரசி' என்று அனுப்பிவிடலாமே, செலவும் இல்லை. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. வேண்டாம். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. பெரியவள் காலையில் பட்டுப்பாவாடையோடு பள்ளிக்கூடம் போனாள். "இது என்ன வேஷம்?" என்று மூன்று பேர் கேட்டார்களாம். சாயங்காலம் வந்து, "அம்மா, இது வேஷமா?" என்றாள். நல்லநாள் உடுப்பு என்றைக்கும் வேஷம் ஆகாது என்று அவளுக்கு அன்றைக்கே தெளிவாகிவிட்டது. அடுத்த முறை யார் கேட்டாலும் அவளே பதில் சொல்லிக்கொள்வாள்.

அதே நியாயம் மற்றவர்களுக்கும் உண்டு. 2011இல் ஓஹையோ பல்கலைக்கழக மாணவர்கள், நாங்கள் ஒரு பண்பாடு, உங்கள் வேஷம் இல்லை என்று சுவரொட்டி போட்டார்கள். 2016இல் 'மோனா' படத்தில் வரும் பாலினீசியத் தேவன் மாவியின் பழுப்புத் தோலும் பச்சைகுத்தலும் அச்சடித்த சிறுவர் உடுப்பை டிஸ்னியே எதிர்ப்புக்குப் பிறகு கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே எங்கள் வீட்டில் இறகுத் தொப்பி வைத்த பழங்குடி வேஷமும் கிடையாது. காளி வேஷமும் கிடையாது. சின்னவள் ஒருமுறை என் பழைய தசரா படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அது விரதம் இருந்து கட்டுகிற வேஷம், மிட்டாய்க்குக் கட்ட முடியாது என்றேன். ஒருநாள் குலசைக்கே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டு வயதின் பஞ்சாயத்து

பெரியவள் இந்த வருஷம் ஒரு படத்தைக் காட்டினாள். சூனியக்காரி. குட்டைப் பாவாடை, வலைக் காலுறை. அட்டையில் 'டீன்' அளவு என்று போட்டிருந்தது. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?" என் அம்மா என்னிடம் சொன்ன அதே வரி, அதே ராகம். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2007இல் சிறுமிகளை உடம்பாக மட்டும் பார்க்கும் விளம்பரம், உடை, பொம்மை பற்றி நீண்ட அறிக்கை வெளியிட்டது. தன்னை எப்போதும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் பெண் பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் குறையும், தன்மேல் அதிருப்தி கூடும் என்பது அதன் சாரம். யோசித்தால் 'நாலு பேர்' வசனமும் அதையே செய்கிறது. அவளை வெளியிலிருந்து பார்க்கச் சொல்கிறது. கடை ஒரு பக்கம் இழுக்க, அம்மா மறுபக்கம் இழுக்க, இருவர் கையிலும் அதே கண்ணாடி.

வேண்டவே வேண்டாம் என்று தடுத்தால், தோழி வீட்டில் மாற்றிக்கொள்வாள். எனக்கு அந்த வயது மறக்கவில்லை. உன் இஷ்டம் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் இருவருமாக அந்தப் படத்தை மேஜையில் வைத்து வேறு மாதிரிப் பேசினோம். இதைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து மிட்டாய் மாற்றிக்கொள்ள முடியுமா? வேலி தாண்ட முடியுமா? பத்து டிகிரியில் இரண்டு மணி நேரம்? இதில் உனக்குப் பிடித்தது எது, பாவாடையா, தொப்பியா? தொப்பியும் கிழிந்த அங்கியும்தான் என்றாள். அங்கி நீளமாகி, உள்ளே கறுப்பு லெக்கிங்ஸ் வந்து சேர்ந்தது. பாவாடை இன்னும் குட்டைதான். என் முழுச் சம்மதம் இல்லை, அவள் முழு ஆசையும் இல்லை. இருக்கட்டும்.

யாரோடு போவது

வேஷத்தைவிட இதில்தான் நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் வித்தியாசம் வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுப் பதினொரு வயதுப் பையன் நண்பர்களோடு போகிறான்; பன்னிரண்டு வயது மகளின் பின்னால் அப்பா டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார்.

பயத்தை முதலில் சரியான இடத்தில் வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்பது இங்கே பல தலைமுறைப் பயம். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைத் துருவிப் பார்த்தார். அப்படி வீடு வீடாகப் போன பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் விஷம் வைத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் செத்தது உண்மை; வைத்தவன் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் அப்பா. நிஜமான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான 42 வருஷ விபத்துக் கணக்கை எடுத்த ஆய்வு ஒன்று, ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் கார் மோதி இறக்கும் வாய்ப்பு பக்கத்து வாரங்களின் மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றது. நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு.

ஆகவே சின்னவளோடு நான் போகிறேன், அதில் பேச்சே இல்லை. ஆனால் நடைபாதையிலேயே நின்றுவிடுவேன். படியேறி, மணி அடித்து, கேட்டு, நன்றி சொல்லி வருவது அவள் வேலை. விருந்தாளி வந்தால் "ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்று நாம் முதுகில் தட்டியும் முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளைகள், இந்த ஒரு இரவில் முப்பது வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுகிறார்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போகக்கூடாது, எந்த வீட்டுக்கும் உள்ளே போகக்கூடாது, பிடிக்காத அலங்காரம் இருந்தால் அந்த வீட்டைத் தாண்டிவிடலாம், யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக்கூடாது.

பார்க்கிங்கில் கார் டிக்கிகளை அலங்கரித்து மிட்டாய் கொடுக்கும் 'ட்ரங்க்-ஆர்-ட்ரீட்' இரண்டு முறை போயிருக்கிறோம். பாதுகாப்பு, வெளிச்சம், அரை மணியில் முடிந்துவிடும். நடக்கப் பழகும் குழந்தைக்குச் சரி. எட்டு வயதுக்கு அது வரிசையில் நின்று பிரசாதம் வாங்குகிற மாதிரி. அவள் தீர்மானிக்க அங்கே ஒன்றும் இல்லை.

பெரியவள் இந்த வருஷம் மூன்று தோழிகளோடு போகிறாள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு பெரியவர் போக வேண்டும் என்பதுதான் இங்கே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அவள் வரம்பைத் தொட்டுவிட்டாள். எந்தத் தெருக்கள் என்று அவர்களே வரைபடம் போட்டுக் காட்டினார்கள். எட்டரை மணிக்குத் திரும்ப வேண்டும். ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நால்வரும் திரும்புவார்கள். கணவர் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார், ஒளித்துவைத்துவிட்டேன்.

சின்னவள்? போலீஸ் ஆசை போய்விட்டது. போன கோடையில் திருச்செந்தூர் பஸ்ஸில் பார்த்த கண்டக்டர் ஆகப்போகிறாளாம். த்ரிஃப்ட் கடையில் காக்கிச் சட்டை ஆறு டாலருக்கு, பையன்கள் பக்கத்திலிருந்து, அவளே எடுத்தாள். தோளில் தொங்கும் தோல் பையில்தான் மிட்டாய். கலர் காகிதத்தில் டிக்கெட் வெட்டிக் கட்டுக்கட்டாக அடுக்கிவிட்டாள். மிட்டாய் போடுகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கிழித்துக் கொடுப்பாளாம். ஊரில் டவுன் பஸ்ஸில் பாட்டிக்குக் காசு வாங்காமலேயே டிக்கெட் கொடுத்தது அவள் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் கதவைத் திறப்பது பெண் என்றால் டிக்கெட் இலவசம், ஆண் என்றால் சாக்லேட் கொடுத்தால்தான். நியாயமா என்று கேட்டேன். "அரசாங்கமே அப்படித்தாம்மா" என்றாள். சட்டையில் இரண்டு பாக்கெட் இருக்கிறது. ஒன்றில் பேனா, ஒன்றில் விசில். தினமும் காலை ஆறரைக்கு ஒத்திகை நடக்கிறது. விசில் சத்தத்தில்தான் எழுந்துகொள்கிறோம்.